மணிக்கணக்கும் மனக்கணக்கும்



கைப்பேசியும் பிள்ளைகளின் மனநலமும் என்ற தலைப்பில் ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கிறது. கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று தொடங்கி, பெற்றோர் கண்டித்து வளர்க்க வேண்டும் என்று முடிகிறது. மாணவர்கள் அந்த நேரம் முழுக்கக் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்தப் பேச்சைப் பேச வரவில்லை. கெடுக்கிறது என்று நமக்கு எப்படித் தெரிந்தது, யார் எதை வைத்து அளந்தார்கள் என்பதுதான் என் கவலை.

பினாங்கில் நின்றுகொண்டு இதைக் கேட்பதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் தொடங்கியது நம் பாயான் லெப்பாஸில். நம் அக்காமார்களும் அத்தைமார்களும் அந்த வட்டாரத்து ஆலைகளில் நுண்ணோக்கியில் கண் பதித்து வேலை பார்த்துக் குடும்பத்தைக் கரை சேர்த்தார்கள். சோதிக்காத சில்லு ஒன்றுகூட அங்கிருந்து வெளியே போகாது. அந்தச் சில்லு பிள்ளையின் கைக்கு வந்த பிறகு என்ன ஆனது என்ற சோதனைதான் அரைகுறையாக நிற்கிறது.

‘இணைய அடிமைத்தனம்’ என்ற சொல் பிறந்த கதை வேடிக்கையானது. 1995இல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க், மனநோய்களுக்கு இலக்கணம் வகுக்கும் அமெரிக்கக் கையேட்டைக் கிண்டல் செய்வதற்காக அப்படி ஒரு நோயை எழுதிப் போட்டார். படித்தவர்களில் சிலர், ஐயா, எனக்கு இது இருக்கிறது என்று வந்து நின்றார்கள். மறு ஆண்டு உளவியலாளர் கிம்பர்லி யங் அதையே உண்மையான ஆய்வுப் பொருளாக எடுத்தார். சூதாட்ட நோயைக் கண்டறியும் கேள்விகளைத் தழுவிக் கேள்விகள் அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 20 கேள்விகளும் 100 மதிப்பெண்ணும் கொண்ட இணைய அடிமைத்தனச் சோதனை.

அந்தச் சோதனை மலாய் வடிவம் பெற்று நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. 2017இல் தேசியச் சுகாதார ஆய்வு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் அதை நடத்தி, ஏழு பேரில் இருவர் இணையத்துக்கு அடிமை என்று அறிவித்தது. அந்த வரி எத்தனை மேடைகளில் முழங்கியது! 43 மதிப்பெண் வாங்கினால் அடிமை என்பது அங்கே வைத்த கோடு. அந்தக் கோடு மருத்துவக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் கிடைத்தது. யங் வகுத்த அளவுப்படி 49 வரை வாங்கியவர் சாதாரணப் பயனர். அதாவது ஒரே பிள்ளை, ஒரே தாள், ஒரே 45 மதிப்பெண். ஒரு கணக்கில் அடிமை, இன்னொன்றில் நம்மைப் போல ஓர் ஆள். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. கோடு எங்கே விழுகிறது என்று கேட்காமல் தலைப்புச் செய்தியை மட்டும் தூக்கிச் சுமக்கிறோமே, அதைச் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியும் எல்லா ஆய்விலும் வரும்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? நீங்களே நேற்றுப் புலனத்தில் எத்தனை முறை நுழைந்தீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஆள் வாயால் சொன்ன கணக்கையும் கருவி பதிந்து வைத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து, 2021இல் ஒரு கட்டுரை வந்தது. ஏறத்தாழச் சரியாக இருந்த கணக்குகள் மிகச் சிலவே. சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். மனம் நொந்திருக்கும் பிள்ளை தன் நேரத்தை வேறு மாதிரி கணக்கிடாது என்பதற்கு என்ன உறுதி?

2019இல் ஆமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் இருவர் 3,55,358 இளையோரின் தரவுகளை அலசினார்கள். இளையோரின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் திரைப் பயன்பாடு விளக்குவது அதிகம் போனால் 0.4 விழுக்காடு என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. அப்படியானால் பயமே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். அது எல்லோரையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி. ஆர்பனே வேறு சிலருடன் சேர்ந்து 2022இல் பிரிட்டன் பிள்ளைகளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தார். பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும், இரு பாலருக்கும் 19 வயதை ஒட்டியும், சமூக ஊடகப் பயன்பாடு கூடினால் அடுத்த ஆண்டில் வாழ்க்கை மீதான நிறைவு குறைவது தெரிந்தது. சராசரியில் மறைந்து போனது வயதில் தலைகாட்டியது.

இந்த 11 முதல் 13 என்பதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டை முடிக்கும் பெண் பிள்ளைக்கு 12 வயது. அடுத்த ஜனவரியோ மார்ச்சோ, முதலாம் படிவம். பாட மொழி மாறுகிறது. ஆறு ஆண்டு ஒன்றாக உட்கார்ந்த தோழிகள் நாலைந்து பள்ளிகளுக்குச் சிதறுகிறார்கள். பேருந்தில் தனியாகப் போகிறாளே என்று சொந்தக் கைப்பேசி கையில் வருவதும் பெரும்பாலும் அப்போதுதான். அந்த ஆண்டில் அவள் முகம் வாடினால் காரணம் கைப்பேசியா, புதுப் பள்ளியா, பழைய தோழி இல்லாததா? அந்தத் தோழியோடு பேச அவளுக்கு மிஞ்சியிருப்பதும் கைப்பேசிதான். பிரிட்டன் தரவு இதற்குப் பதில் சொல்லாது.

நம் நாட்டு எண்களில் எதை நம்பலாம்? அதே தேசியச் சுகாதார ஆய்வில் மாணவர்களின் மனச்சோர்வு 2017இல் 18.3 விழுக்காடு, 2022இல் 26.9. உடனே ஏறிவிட்டது என்கிறோம். இரண்டு முறையும் பயன்படுத்திய வினாத்தாள் வேறு வேறு. அடிக்கோலை மாற்றிவிட்டுப் பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று சொல்லக்கூடாது. ஆனால் ஒரு கேள்வி மாறவில்லை. கடந்த 12 மாதத்தில் தற்கொலை பற்றித் தீவிரமாக எண்ணியதுண்டா என்ற கேள்வி. 2012இல் 7.9 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 2017இல் 10.0. 2022இல் 13.1. இந்த ஏற்றத்தை அளவுகோல் மேல் பழி போட்டுத் தள்ளிவிட முடியாது. நடுவில் பெருந்தொற்று வந்தது, பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன, எனவே கைப்பேசி மேல் மட்டும் பழி போடவும் முடியாது. 2012 ஆய்வை அலசியவர்கள் தற்கொலை எண்ணத்தோடு சேர்ந்து வருவதாகக் கண்டவை மனச்சோர்வு, பகடிவதைக்கு ஆளாவது, வீட்டில் அடியும் வசையும். நெருங்கிய நண்பர்கள் இருப்பது காப்பாக இருந்தது. இந்திய மாணவர்களிடம் அந்த எண்ணம் கூடுதலாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. நம் மேடைகளில் அதை நாம் பேசுவதில்லை.

பகடிவதை என்றதும் உங்களுக்கு ஏஷா நினைவுக்கு வந்திருப்பார். 2024 ஜூலையில், இணையத்தில் தன்னை வசைபாடுகிறார்கள் என்று காவல்துறையில் புகார் கொடுத்த கொஞ்ச நாளுக்குள் இறந்துபோன டிக்டாக் படைப்பாளி. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு விழுந்த அபராதம் 100 வெள்ளி. நாடு கொதித்தது. அதன்பிறகு தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்குத் தனிப் பிரிவுகள் வந்தன. ஏஷா பள்ளிப்பிள்ளை அல்லர், வளர்ந்தவர். அவர் எத்தனை மணி நேரம் இணையத்தில் இருந்தார் என்று கேட்பதில் ஒரு பொருளும் இல்லை. யார், என்ன சொன்னார்கள், அதை யார் நிறுத்தாமல் விட்டார்கள் என்பதே கேள்வி. நம் பிள்ளைகளிடமும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பதில் சமூக ஊடக நிறுவனங்களின் கணினிகளில் இருக்கிறது. இன்ஸ்டகிராம் இளம்பெண்களை எப்படிப் பாதிக்கிறது என்று ஃபேஸ்புக் உள்ளுக்குள்ளேயே ஆராய்ந்து வைத்திருந்தது. 2021இல் அங்கே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் அந்த ஆவணங்களை வெளியே கொண்டுவந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டம், தகுதி பெற்ற ஆய்வாளர்களுக்குப் பெரிய தளங்கள் தரவைத் திறந்து காட்ட வேண்டும் என்கிறது. நமக்கும் அப்படி ஒரு கதவு வேண்டும். பதினாறு வயதுக்குக் கீழே கணக்கு வைத்திருக்கத் தடை வரும் என்று 2025 நவம்பரில் தொடர்பு அமைச்சர் அறிவித்தார். தடை நல்லதா கெட்டதா என்று எனக்கொரு கருத்து உண்டு, அது கிடக்கட்டும். தடைக்கு முந்தைய நிலையை அளந்து வைக்காவிட்டால், அது பலித்ததா என்று பத்தாண்டு கழித்தும் சண்டைதான் போட்டுக்கொண்டிருப்போம்.

தேசிய ஆய்வு ஐந்தாண்டுக்கு ஒரு முறை வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் அடுத்தது 2027. ஒவ்வொரு முறையும் அது வேறு பிள்ளைகளைத்தான் சந்திக்கிறது. நமக்கு வேண்டியது ஒரே பிள்ளைகளைத் தொடரும் ஆய்வு. 28 பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர்களை மூன்றாம் படிவம் வரை தொடரலாம். அதை நடத்தக் கெலுகோரில் 1969 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. நேரத்தைப் பிள்ளையிடம் கேட்க வேண்டாம், ஒப்புதல் பெற்றுக் கருவியின் பதிவிலிருந்தே எடுக்கலாம். பிள்ளையிடம் கேட்க வேண்டியவை வேறு: இரவில் எப்போது தூங்கினாய், குழுவிலிருந்து யாராவது உன்னை நீக்கினார்களா, நீக்கியபோது யாரிடம் சொன்னாய்?

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அந்த ஆய்வில் தற்கொலைக் கேள்விக்கு ஒரு பிள்ளை ஆம் என்று எழுதினால், தாளை உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் போக முடியாது. 15555 என்ற உதவி எண்ணை அச்சடித்துக் கொடுத்தாலும் போதாது. அன்றைக்கே அந்தப் பள்ளியில், தமிழில் பேசத் தெரிந்த ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தில் மானியம் கேட்கலாம். இந்த ஆலோசகரின் சம்பளத்துக்கு எந்த மானியத்திலும் எளிதில் இடம் கிடைக்காது. ஆண்டுதோறும் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் தொகையை மூன்றாண்டுக்கு அதற்குத் திருப்பிவிடுங்கள். என்னைப் போன்றவர்கள் மூன்றாண்டு பேசாமல் இருந்துகொள்வோம்.