படிவமும் பாதுகாப்பும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஆற்றிவந்த பணியை ஒரு வரியில் கூறுவதாயின், நம் பிள்ளைகளைத் தாளுக்கு அஞ்சாதவர்களாக ஆக்கிய பணி எனலாம். கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் பெற்றுள்ளனர். பெற்ற கல்வியை வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு மட்டுமின்றி வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சிந்திக்க வேண்டிய காலம் இது. அவ்வகையில் ஒரு துறையை இன்று எடுத்துக்கொள்வோம். அபாயகரமான கழிவுகளைக் கட்டுப்படுத்துவதற்காக அரசு தொழிற்சாலைகளிடம் கேட்கும் படிவங்களும், அப்படிவங்களைப் பற்றிப் பொதுமக்கள் அரசுக்குச் சொல்லக்கூடிய கருத்தும் ஆகியவையே அத்துறை. கேட்பதற்கு வறண்ட பொருளாகத் தோன்றும். ஆயினும் இது உயிரோடு தொடர்புடையது.

ஏழு நிறச் சீட்டு

1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரில் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆலைச் சுவரை ஒட்டிக் குடிசையிட்டு வாழ்ந்த ஏழைகளே முதலில் வீழ்ந்தனர். உள்ளே என்ன பொருள் இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. அக்கொடுமைக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989இல் அபாயகரமான கழிவுகள் பற்றிய முதல் விதிகளும் நம் நாட்டில் வந்தன. அவ்விதிகள் பலமுறை மாற்றப்பெற்று, 2016 ஏப்ரல் 4ஆம் நாள் புதிய விதிகளாக வெளிவந்தன.

இவ்விதிகளின்படி, கழிவை உண்டாக்குவோர் மாசுக் கட்டுப்பாடு வாரியத்திடம் அனுமதி பெறவேண்டும். பொதுவாக 90 நாட்களுக்கு மேல் கழிவைத் தம் இடத்தில் தேக்கி வைத்தல் ஆகாது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30ஆம் நாளுக்குள், எவ்வளவு கழிவு உண்டாயிற்று, எங்கே சென்றது என்ற கணக்கை நான்காம் படிவத்தில் தரவேண்டும்.

கழிவு லாரியில் ஏறும்போது அதனோடு செல்லும் சீட்டு பத்தாம் படிவமாகும். அதற்கு ஏழு படிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெள்ளைப் படியை அனுப்புவோர் வாரியத்துக்கு அனுப்புகிறார். மஞ்சள் படி அவரிடமே இருக்கும். இளஞ்சிவப்புப் படியைக் கழிவைப் பெறுபவர் வைத்துக்கொள்வார். ஆரஞ்சு நிறப் படி லாரிக்காரருக்கு உரியது. பெறுபவர் பச்சைப் படியை வாரியத்துக்கும், நீலப் படியை அனுப்பியவருக்கும் அனுப்புகிறார். கழிவு வேறு மாநிலத்திலிருந்து வந்திருப்பின், சாம்பல் நிறப் படி அம்மாநில வாரியத்துக்குச் செல்லும்.

ஒரு லாரிக்கு ஏழு தாளா என்று நகைப்போர் உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். புறப்பட்ட கழிவு போய்ச் சேர்ந்ததா என்பதை வெள்ளையும் பச்சையும் ஒத்துப் பார்த்தே வாரியம் அறியமுடியும். பச்சை வரவில்லையெனில், அந்த லாரி நடுவழியில் எங்கோ கவிழ்க்கப்பட்டது என்று ஐயுறலாம். எங்கே கவிழ்ப்பர்? ஊர்த் தெருவிலா? ஏரியின் கடைக்கோடியிலும், சுடுகாட்டு ஓரத்திலும், நம் குடியிருப்பை அடுத்த புறம்போக்கிலும் அன்றோ கவிழ்ப்பர்? ஆகவே அந்தப் பச்சைச் சீட்டு நம் கிணற்றுக்குக் காவல் நிற்கும் சீட்டாகும்.

தாளில் இல்லாத தொட்டி

தமிழகத்தில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. இராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்ட குரோமிய ரசாயன ஆலை ஒன்று, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மிகுதியான நச்சுக் கழிவை மலைபோல் குவித்துவிட்டுச் சென்றது. மழைதோறும் அதன் மஞ்சள் நீர் மண்ணில் இறங்கியது. ஆலை மூடியபின்னும் கழிவு மூடவில்லை.

அதே இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில், 2015 ஜனவரி 31ஆம் நாள் விடியுமுன், தோல் தொழிற்சாலைகளின் கழிவுச் சேறு தேக்கி வைக்கப்பட்ட தொட்டியின் சுவர் உடைந்தது. அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் சேற்றில் புதைந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அத்தொட்டி முறையான அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்பது பின்னர் வெளிவந்தது. அனுமதியில்லாத தொட்டி என்றால் தாளில் இல்லாத தொட்டி என்று பொருள். தாளில் இல்லாத ஒன்றை ஆய்வு செய்ய எவரும் வருவதில்லை. எவ்வளவு சேறு, எத்தனை நாளாக, எந்தச் சுவருக்குப் பின்னால் என்று கேட்கும் படிவம் எவ்வளவு விலையுடையது என்பதை அந்தப் பத்து உயிர்கள் நமக்கு உணர்த்துகின்றன.

சுமை யாருக்கு?

படிவச் சுமை என்ற சொல்லை நாம் ஏளனம் செய்யமாட்டோம். உதவித்தொகைக்காகச் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்த பெற்றோரை நாம் அறிவோம். சிறிய பட்டறை நடத்துபவருக்கும் அத்தகைய இடர் உண்டு. ஒரே செய்தியை மூன்று படிவத்தில் கேட்டால், இரண்டை நீக்குவதே நியாயம். 2019 மார்ச்சு மாதத்தில், நீர், காற்றுச் சட்டங்களின் இசைவாணை தேவைப்படாத தொழில்களுக்கு, கழிவை அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு, அபாயகரக் கழிவு விதிகளின் அனுமதியிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. இத்தகைய மாற்றம் வரும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: ஒப்படைத்தமைக்குச் சான்று எங்கே இருக்கும்? அக்கேள்விக்கு விடை இருந்தால் மாற்றத்தை வரவேற்கலாம். இல்லையேல் எழுதவேண்டும்.

இவ்வகையில் அமெரிக்க நாட்டின் அனுபவம் நமக்குப் பாடமாகும். அங்கே 1980இல் தாள்வேலைக் குறைப்புச் சட்டம் என்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1995இல் அது திருத்தப்பெற்றது. அரசுத் துறை ஒரு படிவத்தைப் புகுத்தவோ தொடரவோ விரும்பினால், அதை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு வெளியிட்டு, 60 நாட்கள் பொதுமக்கள் கருத்தைக் கேட்கவேண்டும். கழிவுச் சீட்டுகளும் அவ்வாறே விவாதத்துக்கு வருகின்றன. மணிக்கணக்கைப் பற்றித் தொழிலதிபர்கள் தவறாமல் எழுதுகின்றனர். ஆனால் அச்சட்டம் இன்னொரு வினாவையும் கேட்கிறது: இத்தகவல் நடைமுறையில் யாருக்கேனும் பயன்படுகிறதா? இவ்வினாவுக்கு ஆலைக்காரரைவிட ஆலையின் அண்டை வீட்டாரே தக்க விடை கூறமுடியும். அவர் வாய் திறவாவிட்டால், நிரப்பும் நேரம் மட்டுமே கணக்கில் ஏறும். கெட்ட தண்ணீருக்குப் பதிலாக நல்ல தண்ணீர் தேடிக் குடத்தோடு நடந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

வாய் திறந்தபோது நிகழ்ந்ததையும் கேளுங்கள். போபாலின் அதிர்ச்சியால் 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வோர் ஆலையும் எந்த நச்சுப் பொருளை எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதை ஆண்டுதோறும் படிவத்தில் எழுதித் தரவேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்படும். 2005இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை, சுமை குறைப்பு என்ற பெயரில், அளவைக் குறிப்பிடத் தேவையில்லாத சுருக்கப் படிவத்தை மேலும் பல ஆலைகள் பயன்படுத்த இடந்தர முற்பட்டது. ஓராண்டில் சுமார் 900 கிலோ வரை ஒரு நச்சுப் பொருளை வெளியேற்றும் ஆலையும் அளவைச் சொல்லாமல் விடலாம் என்பதே அதன் விளைவு. இலட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எதிர்ப்பு. ஆயினும் 2006 டிசம்பரில் அவ்விதி நிறைவேறியது. மக்கள் எழுதியது வீணாயிற்றோ எனில், இல்லை. எழுத்து மூலம் பதிவான அந்த எதிர்ப்பின் வலிமையால் போராட்டம் தொடர்ந்தது. பன்னிரண்டு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2009 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றமே பழைய முறையை மீட்டளித்தது.

அந்நாட்டுக் கறுப்பின மக்கள் இப்பாடத்தை முன்னரே கற்றவர்கள். 1982இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், அவர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து புதைத்தபோது, லாரிகளின் முன் சாலையில் படுத்து மறித்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அதைத் தொடர்ந்து 1987இல் ஒரு திருச்சபை அமைப்பு நாடு முழுவதும் ஆராய்ந்து, நச்சுக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்பதில் இனமே முதன்மைக் காரணியாக இருக்கிறது என்று புள்ளிவிவரங்களோடு நிறுவியது. அப்புள்ளிவிவரங்கள் எங்கிருந்து கிடைத்தன? கழிவிடங்களைப் பற்றி அரசிடம் பதிவாகியிருந்த தாள்களிலிருந்தே கிடைத்தன. தாள் இல்லையேல், அநீதி இருந்தும் அதை மெய்ப்பிக்க வழியில்லை.

நம் உரிமை

நம் நாட்டிலும் கருத்துக் கூறும் உரிமை உண்டு. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளுள் ஐந்தாம் விதி, வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபணை கூற 60 நாட்கள் தரவேண்டும் என்கிறது. பொதுநலன் கருதி இக்கட்டத்தைத் தவிர்க்கவும் அரசுக்கு இடமுண்டு என்பதையும் மறத்தலாகாது. 2016ஆம் ஆண்டு விதிகளின் வரைவு 2015 ஜூலையில் வெளியாயிற்று. அப்போது நம் ஊர்களிலிருந்து எத்தனை கடிதங்கள் சென்றிருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

இதற்குப் பெருந்தடை மொழி. வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய வரைவு வந்தபோது, தில்லி உயர் நீதிமன்றம் கருத்துக் கூறும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததோடு, அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் அதை மொழிபெயர்க்கவும் ஆணையிட்டது. அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. இலட்சக்கணக்கான கருத்துகள் குவிந்தன. மொழிபெயர்ப்பு வரும் என்று காத்திராமல், ஆங்கிலம் அறிந்த நம் இளைஞர் தாமே தமிழில் சுருக்கித் தந்தால் அதுவே பெருந்தொண்டாகும்.

எழுதும் முறையையும் கூறிவிடுவோம். முதலாவது, வரைவின் எண்ணையும் நாளையும் தவறாமல் குறிக்கவேண்டும். இரண்டாவது, எந்த விதி, எந்தப் படிவம் என்று சுட்டவேண்டும். பொதுவாகக் குமுறுவது பயன் தராது. மூன்றாவது, நாம் கண்ணால் கண்டதை அளவோடும் நாளோடும் எழுதவேண்டும். இரவில் வந்த லாரி, பீப்பாயில் ஒட்டிய சீட்டு, நிறம் மாறிய கிணறு ஆகியவை நம்மிடமுள்ள சான்றுகள். நான்காவது, எந்த வாசகத்தை எப்படி மாற்றவேண்டும் என்று நாமே எழுதித் தரவேண்டும். ஐந்தாவது, அஞ்சலில் அனுப்பி, அனுப்பியதற்கான ரசீதையும் நகலையும் சங்கக் கோப்பில் வைக்கவேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் நகல் வேண்டும்.

வரைவு வராத காலத்திலும் பணி உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, நம் ஊரை அடுத்த ஆலையின் நான்காம் படிவ நகலை வாரியத்திடம் கேட்கலாம்; 30 நாட்களுக்குள் விடை வரவேண்டும். ஆலை வாயிலில் அபாயப் பொருள்களின் விவரப் பலகை வைக்கவேண்டும் என்று 2003 அக்டோபர் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. அப்பலகை இருக்கிறதா, எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று நடந்துபோய்ப் பார்க்கலாம். கண்டதைக் கிராம சபையில் தீர்மானமாக்கலாம். தனியொருவர் கடிதத்தைவிட ஊர் கூடி இட்ட கையொப்பத்துக்கு மதிப்பு மிகுதி.

முன்னோர் வழி

இது நமக்குப் புதிய வழியன்று. 1890களில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். எழுதப் படிக்கத் தெரிந்தோர் நம்மில் அரிதாயிருந்த காலம் அது. அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன்னும், 1928இல் சைமன் குழுவின் முன்னும் எழுத்து மூலம் நம் நிலையை எடுத்துரைத்தார். கேட்க மனமில்லாதவரும் மறுக்கமுடியாதபடி, எண்ணிக்கையும் சான்றும் காட்டி எழுதினார். அவர் கையாண்ட அக்கருவி இன்று நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். வெள்ளி விழாவின் நினைவாக, ஐந்து பேர் கொண்ட படிப்புக் குழு ஒன்றை அமைப்போம். மாதம் ஒருமுறை அரசிதழையும் வாரிய அறிவிப்புகளையும் பார்த்து, நம்மைத் தொடும் செய்தியைத் தமிழில் சுருக்கிச் சங்கப் படிப்பகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அவர்கள் கடமை. 60 நாட்களில் முதல் 20 நாட்கள் படிக்கவும், அடுத்த 20 நாட்கள் ஊரில் கேட்டறியவும், எஞ்சிய நாட்களில் எழுதி அனுப்பவும் போதுமானவை. இதற்கு நிதி வேண்டியதில்லை. நேரம் ஒதுக்கும் மனமே வேண்டும்.

கழிவை அள்ளும் கைகளுள் நம்மவர் கைகள் மிகுதி. அதே கைகள் கழிவைப் பற்றிய விதியையும் எழுதட்டும்.