தாளின் மூலையில் எழுதப்படும் பெயர்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். இடம்: வாழவந்தி, ஏற்காடு)



இலக்கிய மேடையில் தாவரவியலும் விலங்கியலும் கற்பிக்கிற எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். பண்டிதரே சித்த மருத்துவர்தான், பச்சிலைகளோடு வாழ்ந்தவர். காத்தவராயன் என்ற இயற்பெயரை விட்டு, தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டவர். தம் பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரத் துரை வீட்டில் வேலை பார்த்தவர் என்றும், அவர் கொடுத்த திருக்குறள் ஏடு எல்லிஸ் துரையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் பண்டிதர் எழுதி வைத்தார். ஏடு அச்சேறியது. கொடுத்தவரின் பெயரைப் பேரன்தான் எழுத வேண்டியிருந்தது.

உயிரியலிலும் இதே கதை உண்டு.

செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி வைப்பதை ஹெர்பேரியம் என்கிறோம். தாளின் வலது கீழ் மூலையில் ஒரு லேபிள் இருக்கும். செடியின் பெயர், குடும்பம், கிடைத்த இடம், உயரம், தேதி, கடைசியில் சேகரித்தவர் பெயர். நூறு ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் நிற்கும்.

இந்தச் சேர்வராயன் மலைக்கு அப்படி எத்தனையோ தாள்கள் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பைசன், ஏற்காட்டையும் சேர்த்துத் தென்னிந்திய மலைவாசத்தலங்களின் தாவரங்களைப் பற்றி 1932இல் நூல் வெளியிட்டார். இந்த மலையின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு: வெர்னோனியா செவராயென்சிஸ். பெயர் வைத்தவர் கேம்பிள். 2000இல் ஏற்காட்டின் பெயரால் ஒரு பல்லியினத்தை விவரித்தவர்கள் இந்திரனீல் தாஸ், ஆரன் பாவர் என்ற இரு ஆய்வாளர்கள். அவர்களின் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் காட்டில் வழி காட்டியவர், மரம் ஏறிப் பூவைப் பறித்துக் கொடுத்தவர், உள்ளூர்ப் பெயரைச் சொன்னவர் இப்படிப்பட்ட தாள்களில் இடம்பெறுவது அரிது. மலையாளி பழங்குடிக் குடும்பங்களும், காப்பித் தோட்டத்துக் கூலிக் குடும்பங்களும் அறிந்த செடிக்கு, பெயர் வைக்கும் உரிமை மட்டும் வேறிடத்தில் இருந்தது.

அந்த உரிமை எங்கே கைமாறும்? எங்கள் அனுபவத்தில், பாடம் நடத்துகிற சாதாரணக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில்தான்.

1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் கீழுள்ள கல்லூரிகளுக்குத்தான் இந்த மலைப் பிள்ளைகள் பலர் பேருந்தில் இறங்கிப் போகிறார்கள். பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, முதல் நாளே ஆங்கிலத்தில் 'மைட்டோகாண்ட்ரியா' என்று கேட்டு மிரள்பவர்கள். அவர்களுக்கு எங்கள் வேலை எளிதாகத் தொடங்குகிறது. ஒரு செடியைக் கொண்டு வரச் சொல்கிறோம். உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர், எதற்குப் பயன்படும் என்று கேட்கிறோம். அதுவரை வாய் திறக்காத பெண் அன்று அரை மணி நேரம் பேசுகிறாள். பிறகு இதழ்களை எண்ணி, சூலகத்தை அறுத்துப் பார்த்து, குடும்பத்தைக் கண்டுபிடித்து லேபிள் எழுதுகிறாள். 'இடம்: வாழவந்தி. சேகரித்தவர்:' என்ற இடத்தில் தன் பெயரை எழுதுகிறாள். ஏட்டைக் கொடுத்துவிட்டுப் பெயரில்லாமல் போகும் நிலை அவளுக்கு இல்லை.

இன்னொரு வகுப்பு, ரத்தப் பிரிவு கண்டறிதல். 1901இல் லேண்ட்ஸ்டைனர் கண்டறிந்ததை விரல் நுனியில் ஊசி குத்திச் செய்து காட்டுகிறோம். ஒரே சாதிப் பிள்ளைகள் வெவ்வேறு பிரிவிலும், பேசிக்கொள்ளாத இரண்டு தெருப் பிள்ளைகள் ஒரே பிரிவிலும் வருவார்கள். அப்போது சாதி எதில் இருக்கிறது என்று ஒருவர் கேட்பார். 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வைச் சொல்வோம். சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள், அகமணம் இறுகியது அதற்குப் பிறகுதான் என்கிறது அது. சாதிக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதை மாணவர்கள் பாடமாகவே படிக்கிறார்கள்.

இந்த வேலைக்கு மதிப்பு என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு. அதே விதிகள் பேராசிரியராகப் பதவி உயர 10 ஆய்வுக் கட்டுரைகளாவது கேட்கின்றன. கருவியும் நிதியும் உள்ள இடத்தவரோடு, ஐம்பது பேருக்குப் பத்து நுண்ணோக்கி உள்ள இடத்தவரும் போட்டியிட வேண்டும். கற்பித்தலும் ஆய்வும் பகையல்ல. திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை மேத்யூ 1967இல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். சேர்வராயன் மலையையும் உள்ளடக்கிய தாவரத் தொகுதிகள் 1980களில் அந்தக் கல்லூரியிலிருந்தே வந்தன. இடமும் ஆளும் நேரமும் கொடுத்தால் கல்லூரியால் முடியும்.

ஆனால் ஆள்? அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கும் பாரத்தை நீங்கள் அறிவீர்கள். மானியக் குழு 2019இல் அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்றது. தமிழகத்தில் கிடைப்பது அதற்கு வெகு கீழே. நிரந்தர நியமனம் நடந்தால்தான் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காடும் பழங்குடியினரின் 1 விழுக்காடும் உயிர் பெறும். இடம் காலியாகவே கிடந்தால் இடஒதுக்கீடு காகிதத்தில் உறங்கும். 1918இல் சிடன்ஹாம் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போன அண்ணல் அம்பேத்கர் பொதுப் பானையில் தண்ணீர் குடிக்கச் சக ஆசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்று பானையைப் பற்றிய பேச்சே எழாதபடி, ஆசிரியர் அறைக்குள் நம்மை விடாமலே காலம் கடத்துகிறார்கள்.

எனவே மூன்று செய்திகளை இந்த மன்றத்தின் முன் வைக்கிறோம். காலிப் பணியிடங்களை இடஒதுக்கீட்டோடு நிரந்தரமாக நிரப்பக் கோரும் போராட்டத்தில் மாணவர் அமைப்புகள் முன்நிற்க வேண்டும். பதவி உயர்வில் கற்பித்தலுக்கு உரிய மதிப்பெண் வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் சுற்றுவட்டாரத் தாவரங்களுக்கு ஒரு ஹெர்பேரியம் வைத்து, உள்ளூர்ப் பெயரையும் அதைச் சொன்னவரின் பெயரையும், அவர் சம்மதத்தோடு, லேபிளில் எழுத வேண்டும். மூன்றாவதற்கு அரசாணை தேவையில்லை. பழைய செய்தித்தாளும் ஒரு மர அழுத்தியும் போதும். வருகிற பருவத்திலேயே தொடங்கலாம்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர் வேலையைக் கடைசி வாய்ப்பாக நினைக்காதீர்கள். படித்து வாருங்கள். எங்கள் நாற்காலிகள் உங்களுக்கு உரியவை.