விடுபட்ட ஒன்பதாவது கிணறு



1998இல் உயர்தர வகுப்பில் இருந்த நாங்கள் நால்வர், வலயமட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கிணற்று நீரைக் கொண்டு போனோம். யாழ்ப்பாணத்தின் அடிநிலம் சுண்ணாம்புக்கல். அதிலிருந்து கரையும் கல்சியத்தால் பல கிணறுகளில் வன்னீர். சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது. சைக்கிளில் போய் ஒன்பது கிணறுகளில் நீர் எடுத்தோம். சவர்க்காரக் கரைசலை அளவியால் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்கி, நுரை நிலைக்க எவ்வளவு தேவை என்று குறித்தோம்.

எட்டுக் கிணறுகள் ஒத்து வந்தன. ஒன்பதாவதற்கு மிகக் குறைவாகவே போதுமாயிருந்தது. எங்கள் கைப்பிழை என்று நினைத்து அதை வரைபில் சேர்க்காமல் விட்டோம்.

நடுவர் எங்கள் படத்திலிருந்த கிணறுகளை எண்ணினார். “ஒன்பதாவது எங்கே, பிள்ளைகள்?” எங்களிடம் பதில் இல்லை. இடமும் கிடைக்கவில்லை.

ரீச்சர் ஏசவில்லை. “திரும்பப் போய் அளந்து பாருங்கோ” என்றார். பங்குனியில் அளந்தபோது அதுவும் வன்னீர்தான். கொப்பியைப் புரட்டினோம். மற்ற எட்டும் முதல் வாரம் எடுத்தவை. இது பெருமழைக்கு மறுநாள் எடுத்தது. மழைநீர் கலந்திருக்கிறது. நாங்கள் காட்டியிருக்க வேண்டியது அதைத்தான்.

இன்று எங்களில் இருவர் மருத்துவர்கள். ஒரு நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு மற்றவற்றோடு பொருந்தாவிட்டால் நாங்கள் அதை ஒதுக்குவதில்லை. எப்போது எடுத்தது என்று கேட்கிறோம், மீண்டும் செய்விக்கிறோம். அந்தப் பழக்கம் இந்தப் பாடசாலை தந்தது.

இனிக் கண்காட்சிக்குப் போகும் தங்கைமாரே, ஒன்பதையும் வரையுங்கோ.