கொழுப்பும் எலும்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வைத்திய விஷயம் பேச ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். மெட்ரிகுலேஷனுக்கு மேல் நான் படித்தவனல்லன். ஆனால் சென்ற ஆண்டு மார்கழியில் என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்று முதல் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்து, வைத்தியர்களைத் துளைத்துக் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் அறிந்ததையே இங்கு சொல்கிறேன்.

என் தாயார் மெலிந்த தேகத்தினர். "ஊளைச்சதை இல்லாத உடம்பு, நோய் அண்டாது" என்று நாங்கள் பெருமை பேசி வந்தோம். வைத்தியரோ, முதிய வயதில் மிக மெலிந்த பெண்களுக்கே இடுப்பெலும்பு எளிதில் முறிகிறது என்றார். எலும்பு உயிருள்ள பொருள். நாள்தோறும் கரைந்தும் வளர்ந்தும் வருவது. சுமக்கும் பாரத்திற்கு ஏற்பவே அது வலிமை பெறுகிறது. மேலும், மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பைச் சிறிதளவேனும் ஆக்கித் தருவது உடலின் கொழுப்பே. அச்சுரப்பு குன்றினால் எலும்பு விரைந்து தேயும். விழும்போது இடுப்பைக் காக்கும் மெத்தையும் அக்கொழுப்புதான்.

"அப்படியானால் கொழுப்பு நல்லதுதானே!" என்று நான் என் தொந்தியைத் தடவிக்கொண்டேன். (நாம் ஒருவனைக் கொழுப்புப் பிடித்தவன் என்று ஏசுவதும் தவறோ என்றுகூட நினைத்தேன்.) வைத்தியர் சிரிக்கவில்லை. கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதே கேள்வி என்றார். குடலைச் சூழ்ந்து வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, அழற்சியை உண்டாக்கும் பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. அவை எலும்பை அரிப்பதைத் துரிதப்படுத்துகின்றன. எலும்பு மஜ்ஜையிலோ இன்னொரு விந்தை உண்டு. எலும்பைக் கட்டும் அணுவும் கொழுப்பைச் சேர்க்கும் அணுவும் ஒரே தாயணுவிலிருந்து பிறப்பவை. பாயிண்டில் ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரிவது போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஏற ஏற, வண்டிகள் கொழுப்புப் பாதையிலேயே அதிகம் திரும்பி விடுகின்றன.

பருத்த உடல் முழுக் காப்பும் அன்று. பல நாட்டு மூதாட்டியரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, பருமனான பெண்களுக்குக் கணுக்காலும் தொடையெலும்பும் முறிவது மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது.

நம்மவர் சங்கதி இன்னும் சிக்கலானது. 2004-இல் புனே வைத்தியர் யாக்னிக் அவர்களும் லண்டன் வைத்தியர் யுட்கின் அவர்களும் சேர்ந்து நின்ற புகைப்படம் ஒன்று லான்செட் ஏட்டில் வெளியாயிற்று. உயரத்திற்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், நம்மவருக்கு 21.2! ஆகவே எடை பார்க்கும் இயந்திரத்தை நம்பிப் பயனில்லை. 2009-இல் நம் நாட்டு வல்லுநர்கள் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டக்கூடாது என்று வகுத்தனர். நாடாவை எடுத்து அளந்தேன். எனக்கு 96. கையும் காலும் குச்சி. நடுவே மட்டும் பானை.

தில்லிக்கென்று ஒரு குறையும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் இந்நகரத்து ஆரோக்கியமானவர்களைச் சோதித்தனர். வெயிலில் உழைக்கும் போர்வீரர்களுக்கு வைட்டமின் டி ஓரளவு இருந்தது. மருத்துவர்களுக்கும் தாதியர்க்குமே மிகக் குறைவு! அந்தச் சத்து இல்லையேல் உண்ணும் சுண்ணாம்புச் சத்து எலும்பைச் சேராது. கொழுப்பில் கரையும் சத்தாகையால், பருத்தவர் உடம்பில் அது பரணில் ஏற்றிய பாத்திரம்போல் கொழுப்பிலேயே தங்கி, இரத்தத்தில் குறைந்து காண்கிறது. புகைமூட்டமும் அடுக்கு வீடும் சேர்ந்த நம் குளிர்காலத்தை நீங்களே அறிவீர்கள்.

இதைக் கேட்டதும் பட்டினி கிடந்து இளைக்க முற்பட்டேன். வைத்தியர் கடிந்துகொண்டார். பட்டினியால் இளைத்தால் கொழுப்போடு தசையும் எலும்பும் குறைந்துபோகுமாம். நடையும், படி ஏறுவதும், பளு தூக்குவதும் சேர வேண்டும். உணவில் பாலும் கேழ்வரகும் வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. ஊரிலிருந்து வருவோரிடம் என் மனைவி இப்போது அப்பளத்திற்குப் பதில் கேழ்வரகு மாவையே கேட்டுப் பெறுகிறாள்.

என் தாயார் இப்பொழுது கைத்தடியுடன் நடக்கிறார். ஞாயிறுதோறும் பகல் பதினொரு மணிக்குக் குடியிருப்புப் பூங்காவில் வெயிலில் அவர் முன்னே, நான் பின்னே. என் நாடா நேற்று 93 காட்டியது. பூங்காவில் இன்னும் பலருக்கு இடம் தாராளமாக இருக்கிறது.