தராசுக்கு முத்திரை உண்டு, வானத்துக் கேமராவுக்கு?



நெல்லை எடை போடும்போது தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மூட்டைக்கு ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் நூறு மூட்டைக்கு நூறு கிலோ போச்சு. வானத்திலிருந்து வயலைப் படமெடுக்கும் செயற்கைக்கோளும் ஒரு தராசுதான். அது வெளிச்சத்தை எடை போடுகிறது. அதற்கு முத்திரை எங்கே, எப்படிப் போடுறாங்க என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களை எடுத்துக்கொள்வோம். இந்த வரிசையில் முதலாவது 1972-ல் போனது. 2013-ல் லேண்ட்சாட் 8, 2021-ல் லேண்ட்சாட் 9 ஏவப்பட்டன. 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இந்த இரண்டும் சேர்ந்தால் 8 நாளைக்கு ஒரு தடவை நம்ம ஊருக்கு மேலேயும் வரும். 2008 முதல் இந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம்.

பச்சை இலை சிவப்பு ஒளியைத் தின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். பயிர் வாடினால் இந்தக் கணக்கு மாறும். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பயிர் செழிப்பா, வாட்டமா என்று சொல்கிறார்கள். கேமரா சிவப்பை மட்டும் கூட்டிக் காட்டினால், நல்ல பயிரும் வாடின பயிராகத் தெரியும். போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிடவும் முடியாது.

மேலே போன கேமராவைத் திருப்பிக் கொண்டுவந்து பழுது பார்க்க வழியில்லை. அதனால்தான் தரையிலேயே சோதனை.

உள்ளே வெள்ளை பூசிய பெரிய உருண்டை ஒன்று இருக்கும். அதற்குள் விளக்குகள் எரியும். வெளிச்சம் சுவரில் பட்டுப்பட்டுத் திரும்பி, வாய் வழியே எல்லா இடத்திலும் ஒரே சீராக வெளிவரும். அது எவ்வளவு வெளிச்சம் என்பது நாட்டின் மூல அளவோடு ஒப்பிட்டு முன்கூட்டியே தெரியும். நமக்குப் படிக்கல் மாதிரி! கேமராவை அதற்கு எதிரே வைத்து, அது சொல்லும் எண் சரியா என்று பார்ப்பார்கள்.

இந்தக் கேமராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஏறத்தாழ 7,000 சின்னக் கண்கள் உண்டு. ஒரே வெளிச்சத்துக்கு எல்லாமே ஒரே எண்ணைச் சொல்லணும். இல்லாவிட்டால் படம் கோடு கோடாக விழும். ராக்கெட்டின் குலுக்கலில் அளவு மாறலாமே என்று கேட்பீர்கள். அதற்காக ஒரு வெள்ளைப் பலகையையும் கூடவே அனுப்புகிறார்கள். வானத்தில் சூரிய ஒளியை அதன்மேல் விழவைத்து அவ்வப்போது சரிபார்க்கலாம். சூரியனைப் பின்தொடரும் கண்ணாடியால் வெயிலைப் பலகைமேல் பாய்ச்சி, இதையும் தரையிலேயே ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள்.

இவ்வளவு செய்தும் தவறு வந்தது. லேண்ட்சாட் 8-ல் வெப்பம் அளக்கும் கருவி தனியாக உண்டு. தண்ணீர் குடிக்கும் பயிர் குளிர்ந்திருக்கும். தாகத்தில் இருப்பது சூடாகும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வயல் எவ்வளவு நீர் எடுக்கிறது என்பதை இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் ஏவிய பிறகுதான், பார்வைக்கு வெளியே இருந்த வெப்பமும் உள்ளே சிதறி வருவது தெரிந்தது. வெப்பநிலை சில டிகிரி கூடுதலாகக் காட்டியது. கணக்குப் போட்டு அதைத் திருத்தினார்கள். லேண்ட்சாட் 9-ன் கருவியிலோ தடுப்புகள் வைத்து, சிதறல் குறைந்ததா என்பதைத் தரையிலேயே சோதித்த பிறகுதான் அனுப்பினார்கள்.

நீங்கள் மனசில் வைக்க வேண்டியது ஒன்று. முத்திரை போட்ட தராசானாலும், எதை எடை போடுகிறோம் என்று பார்க்கணும். இந்தப் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். பத்து சென்ட் நிலம் வைத்திருப்பவரின் பயிர், பக்கத்து வயலோடு கலந்துதான் தெரியும். ஆகவே படம் ஒன்று சொல்லி, உங்கள் வயல் வேறு சொன்னால் சும்மா இருக்காதீர்கள். “நேரில் வந்து பாருங்கள்” என்று அதிகாரியிடம் கேளுங்கள்.