ஒரே மைதானத்தில் அறுபது ஆண்டுகள்



உத்தியோகத்தின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு டில்லிக்கும் மும்பைக்கும் நாகபுரிக்கும் வந்து குடியேறியுள்ள நமக்கு, பதவி உயர்வு என்றால் ஊர் மாற்றம் என்பது சொல்லாமலே விளங்கும். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு புகைவண்டி ஏறாமல் மேற்படி ஏறியவர் நம்மில் மிகச் சிலரே. இதே நியதி இன்னும் கடுமையாக வழங்கும் ஒரு தொழில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருக்கிறது. கல்லூரிக் கால்பந்துக் குழுவின் தலைமைப் பயிற்சியாளர் தொழில் அது. அந்த நியதிக்கு உடன்படாமல் ஒரே சிறு கல்லூரியில் அறுபது பருவங்கள் பணியாற்றிய ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவானது. பெரும்பாலும் கையிலேயே இருப்பது. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். எதிர்ப்பக்கத்தார், சடுகுடுவில் பாடி வருபவனைப் பிடித்து அமுக்குவது போல, பந்தோடு ஓடுபவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் வீழ்த்துவார்கள். சடுகுடுவில் கைகோத்து நிற்பவர்கள் அமுக்குகிறார்கள்; இங்கோ தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த கனத்த இளைஞர்கள் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுகிறார்கள். ஆகையால் எலும்பு முறிவது இந்த ஆட்டத்தில் வியப்பன்று.

இத்தொழிலில் ஏறும் படிகள் ஏறக்குறைய எல்லார்க்கும் ஒன்றே. கல்லூரியில் ஆடிய இளைஞன், பட்டம் பெற்றதும் சொற்ப ஊதியத்துக்கு உதவிப் பயிற்சியாளனாகச் சேருவான். சில ஆண்டுகளில் ஆட்டத்தின் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளனாவான். பின்னர் தாக்குதல் முழுமைக்கோ தற்காப்பு முழுமைக்கோ பொறுப்பேற்பான். தலைமைப் பதவி முதன்முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஏதேனும் ஒரு சிறு கல்லூரியில்தான். அங்கே வென்றால் அதைவிடப் பெரிய கல்லூரி அழைக்கும். தோற்றால் வேலை போகும். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால், அவருடைய உதவியாளர்களும் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சிறு கல்லூரி என்பது இவர்களுக்கு வழியில் உள்ள ஒரு சத்திரம்.

அந்தச் சத்திரத்தையே வீடாகக் கொண்டவர் ஜான் கலார்டி. 1926ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, கொலராடோ மாநிலத்தின் தென்கோடியில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ட்ரினிடாட் என்னும் ஊரில், இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில் பிறந்தார். 1943இல், அவர் பதினாறு வயதுப் பள்ளி மாணவர். இரண்டாம் உலகப் போருக்காகப் பள்ளியின் பயிற்சியாளரைப் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் இல்லாத நிலையில் ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று பள்ளி நிர்வாகம் எண்ணிற்று. பையன் போய், ‘நானே பயிற்சி தருகிறேன்’ என்று கேட்டான். தொழில் இவ்வாறு தொடங்கிற்று.

பதினாறு வயதில் தலைமை ஏற்ற அந்தப் பையன் செய்த முதற்காரியம் கவனிக்கத்தக்கது. முந்தைய பயிற்சியில் தனக்கு எவையெவை பிடிக்கவில்லையோ அவற்றையெல்லாம் நீக்கினான். வாத்துப் போலக் குந்தி நடக்கும் பயிற்சி போயிற்று. பயிற்சியின்போது தண்ணீர் குடிக்கலாகாது என்ற விதியும் போயிற்று. தாகத்தைத் தாங்கினால் மனவுறுதி வளரும் என்பது அந்நாளில் பலரும் உண்மையாகவே நம்பிய கொள்கை. பையனுக்கோ தாகம் எடுத்தால் தண்ணீர் வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. குழு வென்றது.

பிறகு கொலராடோ கல்லூரியில் படித்துக்கொண்டே பள்ளிக் குழுக்களுக்குப் பயிற்சி தந்தார். 1949இல் பட்டம் பெற்ற ஆண்டிலேயே, இருபத்திரண்டு வயதில், மொன்டானா மாநிலம் ஹெலினா நகரத்துக் கரோல் கல்லூரி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக ஏற்றது. உதவியாளன் என்ற படியையே அவர் மிதிக்கவில்லை. சிறு கல்லூரியில் ஒருவரே பல வேலை பார்ப்பது வழக்கம். கூடைப்பந்துக் குழுவும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. கால்பந்தில் நான்கு பருவங்களில் 24 வெற்றி, 6 தோல்வி, ஒரு சமநிலை.

1953இல் மினசோட்டா மாநிலத்தின் காலேஜ்வில் என்னும் சிற்றூரில் உள்ள செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். பல்கலைக்கழகம் என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். காடும் ஏரியும் சூழ்ந்த இடத்தில் பெனடிக்டின் துறவிகளின் மடத்தோடு ஒட்டி அமைந்த ஆடவர் கல்லூரி அது. அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் ஜானி பிளட் மக்னாலி, தொழில்முறை ஆட்டத்தில் பெரும் புகழ் ஈட்டிய வீரர். அவராலேயே அங்கே நிலைத்த வெற்றி காண இயலவில்லை. கலார்டி வந்த முதற்பருவத்திலேயே வட்டாரப் பட்டத்தில் கல்லூரிக்குப் பங்கு கிடைத்தது. ஆனால் அடுத்த பட்டம் 1962இல்தான். இடையில் எட்டுப் பருவங்கள் வெறுங்கையாகவே கழிந்தன. பெரிய கல்லூரியாயிருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறோர் ஆளைத் தேடியிருப்பார்கள். மடத்தார் பொறுத்திருந்தனர். கலார்டியின் புகழைப் பேசுவோர் இந்தப் பொறுமையைப் பேசுவதில்லை. என் எண்ணத்தில் பாதிக் கதை இதில்தான் இருக்கிறது.

காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. 1963இலும் 1965இலும் சிறு கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம். பின்னர், விளையாட்டுக்காக உதவித்தொகை அளிக்காத கல்லூரிகள் அடங்கிய மூன்றாம் பிரிவில் 1976இலும் 2003இலும் தேசியப் பட்டம். வட்டாரப் பட்டங்கள் செயின்ட் ஜான்ஸில் மட்டும் 27.

அவர் பயிற்சி நடத்திய முறையைப் பிற பயிற்சியாளர்கள் வந்து பார்த்துவிட்டு நம்பாமல் திரும்பியதில் வியப்பில்லை. பயிற்சியில் ஒருவரையொருவர் வீழ்த்துதல் கிடையாது. ஊதல் கிடையாது. முட்டித் தள்ளும் சாதனங்கள் கிடையாது. கட்டாய எடை தூக்குதல் இல்லை. வசைச்சொல் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இல்லை; கொசு மிகுந்தால் அதுவும் இல்லை! ‘கோச்’ என்று யாரும் தம்மை அழைக்கலாகாது, ‘ஜான்’ என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதை நினைத்தாலே நமக்கு நாக்கூசும். அமெரிக்காவிலும் பயிற்சியாளரை அவ்வாறு அழைப்பது புதுமைதான். தேகப்பயிற்சி வேளையில் மாணவர்கள் புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து, ‘இன்று நல்ல நாள்’ என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்ல வேண்டும் என்பதும் ஓர் அங்கமாயிருந்தது. ஆடவந்த எவரையும் தகுதியில்லை என்று விலக்கியதில்லையாதலால், குழுவில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்த ஆண்டுகளும் உண்டு.

இது சோம்பலைப் போற்றிய கதை என்று எண்ணிவிடக் கூடாது. வீழ்த்துவதை நிறுத்தியதால் மிஞ்சிய நேரம் முழுவதையும் ஆட்ட அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதில் செலவிட்டார். எதிரி எவ்வாறு நின்றால் எவன் எங்கே ஓட வேண்டும் என்பது மாணவனுக்குக் கண்ணை மூடினாலும் தோன்ற வேண்டும். ஓர் அடி தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. அதட்டல் இல்லையே தவிர விட்டுக்கொடுத்தலும் இல்லை. உடல் தேயாமல் மூளை பழகிய மாணவர்கள், போட்டி நாளில் முழு உடலோடு களமிறங்கினார்கள்.

எதிர் முறையையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1954இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரிக்கு வந்த பேர் ப்ரையன்ட், தம் மாணவர்களை ஜங்ஷன் என்னும் வறண்ட ஊருக்கு அழைத்துச் சென்று, சுட்டெரிக்கும் வெயிலில், தண்ணீர் தராமல், பத்து நாட்கள் பயிற்சி தந்தார். போனவர்களில் பெரும்பகுதியினர் இடையிலேயே ஓடிவிட்டனர். அவ்வாண்டுக் குழு ஒரே ஒரு போட்டியில்தான் வென்றது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் அதே கல்லூரி ஒரு தோல்வியும் காணாமல் வட்டாரப் பட்டம் பெற்றது. ப்ரையன்ட் பின்னர் அலபாமாவில் அந்நாட்டின் தலைசிறந்த பயிற்சியாளர்களுள் ஒருவராக விளங்கினார். ஆகவே கடுமையால் வெற்றி கிட்டாது என்று சாதிக்க முடியாது. கடுமை இல்லாமல் வெற்றி கிட்டாது என்ற வாதம் ஒன்றே கலார்டியிடம் தோற்றது. அந்தக் கடுமைக்கு விலை கொடுத்தவர்கள் ஆட்டத்தை விட்டு ஓடிய இளைஞர்கள். அவர்களுள் எத்தனை பேர் நல்ல ஆட்டக்காரர்கள் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி, பிற்காலத்தில் மூளையைக் கெடுக்கிறது என்பதை மருத்துவர்கள் எடுத்துரைக்கத் தொடங்கிய பிறகே, வீழ்த்தாப் பயிற்சி பெரிய இடங்களில் மதிப்புப் பெற்றது. 2010இல் டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் படீ டீவன்ஸ், பயிற்சியில் ஒருவரையொருவர் வீழ்த்துவதை நிறுத்தினார். 2016இல் ஐவி லீக் கல்லூரிகள் அனைத்தும், போட்டிப் பருவத்துப் பயிற்சிகளில் அதனை விலக்குவதென இசைந்தன. கலார்டி அதைக் கைவிட்டு அப்பொழுது பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

2003ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி அந்தச் சிற்றூரில் 13,000 பேருக்கு மேல் கூடினார்கள். பெதெல் கல்லூரிக்கு எதிரான அன்றைய போட்டி வட்டாரப் பட்டத்தையும் முடிவு செய்யும் போட்டி. 29-26 என்ற கணக்கில் செயின்ட் ஜான்ஸ் வென்றது. அது கலார்டியின் 409ஆம் வெற்றி. லூயிசியானாவில் கறுப்பின மக்களின் கல்லூரியான கிராம்பிளிங்கில் 1941 முதல் 1997 வரை பணியாற்றிய எடி ராபின்சனின் 408 என்ற எண்ணை அது கடந்தது. ராபின்சனும் ஒரே கல்லூரியில் வாழ்நாளைக் கழித்தவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதே பருவத்தின் இறுதிப் போட்டியில், தொடர்ச்சியாக 55 வெற்றிகள் கண்டிருந்த மவுண்ட் யூனியன் கல்லூரியை 24-6 என்று செயின்ட் ஜான்ஸ் வீழ்த்தியது. கலார்டிக்கு அப்போது எழுபத்தேழு வயது.

இறுதி ஆண்டுகளில் குழு முன்போல் ஓங்கி நிற்கவில்லை. 2012 நவம்பரில், எண்பத்தாறாம் வயதில், ஓய்வு பெற்றார். கல்லூரிப் பயிற்சியாளராக 64 பருவங்கள். 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமநிலை. 2018 அக்டோபர் 7ஆம் தேதி, தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார். அவர் விட்ட இடத்திற்கு வந்தவர், அவரிடமே துணைப் பயிற்சியாளராக இருந்த கேரி ஃபாஷிங். வெளியூரிலிருந்து ஆளைத் தேடி அழைத்துவர வேண்டிய அவசியம் அந்த மடத்தாருக்கு ஏற்படவில்லை.