துவக்கும் கொள்கையும்

ஒருவன் மனத்திலே கொண்ட கொள்கைக்காக அவன் கையிலுள்ள துவக்கை அரசாங்கம் பறித்தல் தகுமா? ஜேர்மனி நாட்டு நீதிமன்றங்கள் அண்மைக் காலத்தில் பன்முறை ஆராய்ந்த வினா இது.

அந்நாட்டிலே இவ்வினா எளியதன்று. 1938ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி ஹிட்லரின் அரசாங்கம், யூதர் ஆயுதம் வைத்திருத்தலாகாது என்று கட்டளையிட்டது. அவர்கள் செய்த குற்றம் யாது? யூதராய்ப் பிறந்தமை ஒன்றே. ஆயுதம் பறிக்கும் அதிகாரம் கொடியோர் கையிற் சேரின் யாது விளையும் என்பதை உலகம் அன்று கண்டது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. இன்றைய ஜேர்மன் அரசு சட்டபூர்வமான அரசே அன்று என வாதிடும் கூட்டத்தார் அங்கு உளர். அக்கொள்கையைப் பற்றிய ஒருவன் பவேரியா மாநிலத்திற் சிற்றூரொன்றில் ஏறத்தாழ 30 துவக்குகளை வைத்திருந்தான். 2016 ஒக்ரோபரில் அவற்றைக் கைப்பற்றச் சென்ற பொலிசாரை அவன் சுட்டான். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிர் துறந்தார். 2017இல் அவனுக்கு ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஜேர்மனியில் துவக்கு வைத்திருத்தல் பிறப்புரிமையன்று. அரசு ஒருவன்மீது வைக்கும் நம்பிக்கையின் அடையாளம். அரசியல் யாப்பிற்கு மாறான நோக்கங்களைக் கடந்த 5 ஆண்டுகளில் ஒருவன் ஆதரித்திருப்பின், அவன் பொதுவாக நம்பத்தகாதவன் என்று சட்டம் கொள்ளும். 2020இற் செய்த திருத்தத்தின்படி, அத்தகைய சங்கமொன்றில் அங்கத்தவனாயிருத்தலும் இவ்வையத்துக்குப் போதுமானதாயிற்று.

அனுமதிப்பத்திரத்தை இழந்தவன் செய்யக்கூடியது யாது? அவன் நிருவாக நீதிமன்றத்தை நாடலாம். ஆனால், வழக்குத் தொடுத்த மாத்திரத்தில் துவக்கு மீளாது. தீர்ப்பு வரும்வரை இழப்பு இழப்பே. வேண்டுமாயின் இடைக்கால நிவாரணம் கோரலாம். தோற்பின், தக்க காரணம் உண்டெனில் மேன்முறையீடு செய்யலாம். உச்சியில் இருப்பது லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம்.

அம்மன்றம் 2019இல் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கிற்று. தடைசெய்யப்படாத கட்சியாயினும், அதன் நோக்கம் யாப்பிற்கு மாறாயின், அதற்காகத் தீவிரமாக உழைப்போன் நம்பத்தகாதவன் என்று பொதுவாகக் கருதப்படலாம். எனினும் அக்கருத்தை அவன் மறுத்து நிறுவலாம். தன் சகாக்களின் வன்முறைப் போக்கினின்றும் ஐயத்துக்கிடமின்றி, விடாது விலகி நின்றமையைக் காட்டல் வேண்டும்.

நேயர்களே, அன்றைய கட்டளைக்கும் இன்றைய சட்டத்துக்குமிடையே உள்ள வேறுபாடு இங்குதான் புலனாகின்றது. அன்று ஒருவன் யார் என்பதற்காகப் பறித்தார்கள். அதை நேர்மையுடன் கேட்க ஒரு நீதிமன்றமும் இருக்கவில்லை. இன்று ஒருவன் எதற்குத் துணைநின்றான் என்பதை ஆராய்கிறார்கள். உத்தியோகத்தர் தவறிழைப்பின் அதைத் திருத்த நீதிபதி இருக்கின்றார். அரசு அஞ்சும் கருத்துக்கள் யாவும் ஆபத்தானவையல்ல. ஆதலின், பறிக்கும் கையினும் விசாரிக்கும் செவியே ஒரு நாட்டுக்கு இன்றியமையாதது.